கையெழுத்துப் போடும் முன்: என்எம்சி வழக்கை விசாரணையின்றி ஒப்பந்தத்தில் முடிப்பது பற்றி

கேள்வி சுருக்கமாக இது. கேட்பவர் பிரிட்டனில் மருத்துவமனை வார்டு ஒன்றில் நர்ஸ். ஓர் இரவு ஷிப்டில், 22:00 மணிக்குப் போட வேண்டிய ஆன்டிபயாடிக் ஊசி ஒரு நோயாளிக்குப் போடப்படவில்லை. ஆனால் மருந்துச் சார்ட்டில் போட்டதாக அவருடைய கையெழுத்து இருக்கிறது. காலையில் வார்டு மேனேஜர் கேட்டபோதும் "கொடுத்தாயிற்று" என்றே சொல்லியிருக்கிறார். நர்ஸ்களைப் பதிவு செய்து கண்காணிக்கும் நர்சிங் அண்ட் மிட்வைஃபரி கவுன்சிலின், அதாவது என்எம்சியின், கேஸ் எக்ஸாமினர்கள் (புகாரை ஆராய்ந்து அடுத்த கட்டத்தை முடிவு செய்பவர்கள்) இது விசாரிக்கத்தக்க வழக்கு என்று முடிவு செய்து, தீர்ப்புச் சொல்லும் குழுவுக்கு அனுப்பிவிட்டார்கள். இப்போது என்எம்சி தரப்பு வழக்கறிஞரிடமிருந்து, முழு விசாரணை இல்லாமல் ஒப்பந்தத்தில் முடித்துக்கொள்ளச் சம்மதமா என்று கடிதம் வந்திருக்கிறது. குற்றச்சாட்டு நான்கு: ஊசி போடவில்லை, போட்டதாகப் பதிவு செய்தார், போட்டதாக மேனேஜரிடம் சொன்னார், போடவில்லை என்று தெரிந்தே அப்படிப் பதிந்தார், சொன்னார், ஆகவே நேர்மையற்று நடந்தார். முதல் மூன்றையும் அவர் ஏற்கிறார். நான்காவதை ஏற்கவில்லை, பக்கத்துப் படுக்கை நோயாளிக்குப் போட்ட ஊசியோடு குழம்பிவிட்டதாகச் சொல்கிறார். "எப்படியாவது இது முடிந்தால் போதும், கையெழுத்துப் போட்டுவிடலாமா?" என்று கேட்கிறார்.

நான்காவது குற்றச்சாட்டு இப்போதுள்ள வடிவிலேயே இருக்கும்வரை போடக்கூடாது. ஒப்பந்தம் கெட்ட வழி என்பதால் இப்படிச் சொல்லவில்லை. தவறு நடந்தது உண்மை, அதை ஒப்புக்கொள்ளவும் தயார் என்றிருக்கும் நர்ஸுக்கு இது நல்ல வழி. சாட்சிகள் வர வேண்டாம், குறுக்கு விசாரணை வேண்டாம், பல நாள் நடக்கக்கூடிய விசாரணை பெரும்பாலும் ஒரே நாளில் முடிந்துவிடும். ஆனால் இதில் நீங்கள் கொடுக்கும் விலை பணமோ நேரமோ அல்ல, ஒப்புதல். அந்த ஒப்புதல், ஒப்பந்தம் முறிந்த பிறகும் உங்கள் கோப்பில் நிற்கும். அதனால் எது உண்மை என்று முதலில் தீர்மானியுங்கள். அதற்குப் பிறகு குற்றச்சாட்டின் வாசகம், பிறகு பணித்தகுதி (நர்ஸாகப் பாதுகாப்பாக வேலை செய்யும் தகுதி), எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் தண்டனை. பெரும்பாலானோர் தண்டனை என்ன கிடைக்கும் என்பதிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி வருகிறார்கள். ஒப்பந்தங்கள் கெட்டுப்போவது அங்கேதான்.

உங்கள் கடிதம் சொல்லும் வழிக்கு 'கன்சென்சுவல் பேனல் டிட்டர்மினேஷன்' என்று பெயர். பேச்சு வழக்கில் சிபிடி என்பார்கள். வேறு சில வழிகளோடு இதைக் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. கேஸ் எக்ஸாமினர் கட்டத்தில் அறிவுரை, வார்னிங், 'அண்டர்டேக்கிங்' எனப்படும் உறுதிமொழி ஆகிய மூன்றும் 2017 முதல் இருக்கின்றன. உறுதிமொழி என்பது குழுவின் முன் போகாமலேயே, இன்ன பயிற்சி எடுப்பேன், இன்ன மேற்பார்வையில் வேலை செய்வேன் என்று நர்ஸ் கொடுக்கும் வாக்கு. மருந்து கணக்கிடத் தெரியவில்லை என்பது போன்ற குறைக்கு அது பொருந்தும். நேர்மை பற்றிய குற்றச்சாட்டைப் பயிற்சியாலும் மேற்பார்வையாலும் சரிசெய்ய முடியாது என்பதால் அந்த வழி பெரும்பாலும் அடைபட்டுவிடும். உங்கள் வழக்கு எப்படியும் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டது.

'மீட்டிங்' என்பதும் வேறு. சாட்சி, வாதம் இல்லாமல் காகிதங்களை மட்டும் வைத்துக் குழு மூடிய அறையில் முடிவெடுப்பது அது. அதில் உங்களுக்கும் என்எம்சிக்கும் எந்த உடன்பாடும் இருக்க வேண்டியதில்லை. குழு தன் போக்கில் எந்தத் தண்டனையும் தரலாம். விசாரணை வேண்டும் என்று நீங்கள் கேட்காமல் விட்டாலே வழக்கு அங்கே போய்விடக்கூடும். வரும் படிவத்தில் அந்தக் கேள்விக்குப் பதில் எழுதாமல் விட்டுவிடாதீர்கள். இனி நர்ஸாக வேலை செய்யும் எண்ணமே இல்லாதவர்கள் ஒப்புதலோடு பதிவேட்டிலிருந்து விலக விண்ணப்பிக்கலாம். நீங்கள் தொடர்ந்து வேலை செய்ய நினைப்பதால் அது உங்களுக்கானது அல்ல.

சிபிடிக்கு மூன்று விஷயங்களில் உடன்பாடு வேண்டும்: குற்றச்சாட்டுகளின் உண்மை, அதனால் உங்கள் பணித்தகுதி இன்றைய தேதியில் பாதிக்கப்பட்டிருக்கிறது என்பது, அதற்கு உரிய தண்டனை எது என்பது. மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் சிபிடி இல்லை. "தவறு நடந்தது, ஆனால் நான் இப்போது பாதுகாப்பான நர்ஸ், தகுதி பாதிக்கப்படவில்லை" என்பது உங்கள் நிலை என்றால் அதை விசாரணையில்தான் வாதிட முடியும்.

பேச்சு நடக்கும் முறை எளிமையானது. நீங்களோ உங்கள் பிரதிநிதியோ ஆர்வம் தெரிவித்ததும் என்எம்சி வழக்கறிஞர் வரைவு ஒன்றைத் தயாரிப்பார். அது இரு தரப்புக்கும் போய் வந்து திருத்தப்படும். இருவரும் கையெழுத்திட்ட பிறகு அதன் பெயர் தற்காலிக உடன்பாடு. 'தற்காலிக' என்று சொல்வதற்குக் காரணம், முடிவெடுப்பவர் உங்கள் எதிரே பேசும் வழக்கறிஞர் அல்ல என்பதுதான். பொதுவாக மூன்று பேர் கொண்ட ஃபிட்னஸ் டு பிராக்டிஸ் குழுவின் முன் அது வைக்கப்படும். குழுவில் பதிவுபெற்ற நர்ஸ் அல்லது மிட்வைஃப் ஒருவரும் தொழிலுக்கு வெளியே உள்ளவரும் கட்டாயம் இருப்பார்கள். சட்ட ஆலோசகர் கூட இருப்பார். அவருக்கு வாக்கு இல்லை. குழு உடன்பாட்டை அப்படியே ஏற்கலாம், மாற்றங்களை முன்வைக்கலாம், முற்றிலும் நிராகரிக்கலாம். மாற்றம் கேட்டால் இரு தரப்பும் சம்மதித்தாக வேண்டும். இல்லையென்றால் வேறொரு குழுவின் முன் முழு விசாரணை. நீங்கள் நேரில் போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் போனில் உடனே கிடைக்கும்படி இருங்கள். குழு ஒரு வரியைத் திருத்தச் சொல்லும்போது நர்ஸைப் பிடிக்க முடியாமல் போனால் ஒரு நாளே வீணாகும்.

அந்த ஆவணத்தின் கடைசிப் பக்கத்தில், வழக்கமான வாசகம் என்று நினைத்துப் பலரும் தாண்டிப் போகும் ஒரு பத்தி இருக்கும். முழு ஆவணத்திலும் மிக முக்கியமான பத்தி அதுதான். இந்த உடன்பாடு குழுவைக் கட்டுப்படுத்தாது என்று முதலில் சொல்லும். அடுத்து, குழு இதை ஏற்காவிட்டால், இதில் உள்ள ஒப்புதல்களும் ஒப்புக்கொள்ளப்பட்ட சம்பவ விவரமும், பொருத்தமாகவும் நியாயமாகவும் இருக்கும்பட்சத்தில், பிறகு விசாரிக்கும் வேறொரு குழுவின் முன் வைக்கப்படலாம் என்று சொல்லும். உங்கள் நிலையில் இதன் பொருளை யோசித்துப் பாருங்கள். "ஆறு மாத சஸ்பென்ஷன் தருகிறார்கள், நான்காவதையும் ஒப்புக்கொண்டுவிடுவோம்" என்று கையெழுத்திடுகிறீர்கள். குழு ஆறு மாதம் போதாது என்று நிராகரிக்கிறது. புதிய குழுவின் முன் நீங்கள் போய் நிற்கும்போது சஸ்பென்ஷன் பற்றிய உடன்பாடு செத்துப்போயிருக்கும். தெரிந்தே பொய்ப் பதிவு செய்தேன் என்ற உங்கள் கையெழுத்து மட்டும் உயிரோடு இருக்கும். "அது மனமறிந்து சொன்னதல்ல, சீக்கிரம் முடிய வேண்டும் என்று போட்ட கையெழுத்து" என்று அப்போது விளக்கினால், நேர்மை பற்றிய வழக்கில் இரண்டாவது நேர்மைப் பிரச்சினை முளைக்கும்.

நான்காவது குற்றச்சாட்டை இன்னும் நெருங்கிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் உங்கள் வழக்கே அதுதான். நேர்மையின்மைக்கு இன்று பின்பற்றப்படும் அளவுகோல் 2017இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் ஐவி எதிர் ஜென்டிங் கேசினோஸ் வழக்கில் சொன்னது. அந்த நேரத்தில் உங்களுக்கு என்ன தெரிந்திருந்தது, என்ன நம்பினீர்கள் என்பதைக் குழு முதலில் கண்டுபிடிக்க வேண்டும். அந்த மனநிலையில் இருந்த ஒருவர் செய்ததைச் சாதாரண நேர்மையுள்ள மக்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்பது அடுத்த படி. ஆக எல்லாம் தொங்குவது ஒரே கேள்வியில்: சார்ட்டில் கையெழுத்திட்ட அந்தக் கணத்தில், ஊசி போடவில்லை என்று உங்களுக்குத் தெரியுமா? அடுத்த படுக்கை நோயாளிக்கு அதே மருந்து அதே நேரத்தில் எழுதப்பட்டிருந்ததா, அவருடைய சார்ட்டில் நேரம் எப்படிப் பதிவாகியிருக்கிறது, மருந்து அலமாரியின் இருப்பு என்ன சொல்கிறது, அன்று வார்டில் எத்தனை நர்ஸ்கள் இருந்தார்கள் என்பவையெல்லாம் உங்கள் விளக்கத்தைத் தாங்கவும் கூடும், உடைக்கவும் கூடும். அந்த ஆவணங்களை என்எம்சி உங்களுக்கு அனுப்பிய சாட்சியக் கட்டில் தேடுங்கள், இல்லையென்றால் கேளுங்கள். அதைப் பார்க்காமல் ஒப்பந்தம் பற்றிய எந்தப் பேச்சும் வேண்டாம்.

மேனேஜரிடம் சொன்னதைத் தனியாகப் பிரித்துப் பாருங்கள். இரவு 22:10க்குக் குழப்பத்தில் கையெழுத்திட்டது ஒன்று. காலையில் நேரடியாகக் கேட்டபோது சரிபார்க்காமல் "கொடுத்தாயிற்று" என்றது மற்றொன்று. நான்காவது குற்றச்சாட்டு இரண்டையும் ஒரே மூச்சில் கட்டியிருக்கிறது. அதை 4-அ, 4-ஆ என்று பிரிக்கச் சொல்லிக் கேட்பது நியாயமான கோரிக்கை. தெரிந்தே சொன்னேன் என்பது காலையில் சொன்னதற்கு மட்டும் உண்மை என்றால் அதை மட்டும் ஒப்புக்கொள்ளலாம். தெரிந்து அல்ல, சரிபார்க்காமல் சொன்னேன் என்றால் வேறு வாசகம் முன்வைக்கலாம்: நர்ஸுக்கு உரிய கவனத்தோடு சரிபார்க்காமல் தவறான தகவல் தந்தார் என்பது போல. ஆனால் ஒன்றைத் தெளிவாக எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். நேர்மையின்மைக்குச் சாட்சியம் வலுவாக இருந்தால், ஒப்பந்தம் கிடைக்கட்டும் என்பதற்காக என்எம்சி அதைக் கைவிடாது; கைவிடவும் கூடாது. நோயாளிகளைப் பாதுகாக்கத்தான் அந்த அமைப்பே இருக்கிறது. சாட்சியம் பலவீனம் என்று காட்டினால்தான் வாசகம் மாறும். பேரம் பேசினால் மாறாது.

"ஒப்புக்கொள்ளாமல் போராடித் தோற்றால், தவறை உணராதவன் என்று முத்திரை குத்தி நீக்கிவிடமாட்டார்களா?" இந்தப் பயம்தான் பலரைக் கையெழுத்திட வைக்கிறது. பயத்தில் கொஞ்சம் நியாயம் உண்டு. ஆனால் மறுத்ததையே தண்டனையைக் கூட்டும் காரணமாக்குவதில் கவனம் வேண்டும் என்று உயர் நீதிமன்றம் 2022இல் சவாட்டி என்ற டாக்டரின் வழக்கில் விரிவாகச் சொல்லியிருக்கிறது. நடந்த செயலையே மறுப்பது வேறு, செயலை ஒப்புக்கொண்டு அதற்குப் பின்னிருந்த மனநிலை பற்றி மட்டும் வாதிடுவது வேறு என்ற வேறுபாட்டை அந்தத் தீர்ப்பு வற்புறுத்துகிறது. உங்கள் நிலை இரண்டாவது வகை. செயலை முழுக்க ஏற்று, அதனால் நோயாளிக்கு என்ன ஆபத்து வந்திருக்கும் என்று விளங்கிப் பேசும் நர்ஸுக்குத் தவறு உணர்வு இல்லை என்று சொல்வது கடினம்.

இன்னொரு வழி இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை. முழு விசாரணை என்றால் எல்லாவற்றையும் மறுக்க வேண்டும் என்பதில்லை. விசாரணை தொடங்கியதும் குற்றச்சாட்டுகள் வாசிக்கப்படும்போது முதல் மூன்றை ஒப்புக்கொள்ளலாம். குழுத் தலைவர் அவை நிரூபிக்கப்பட்டதாக அங்கேயே அறிவிப்பார். பிறகு நான்காவதற்கு மட்டும் சாட்சி. அந்தச் சாட்சியும் அனேகமாக மேனேஜர் ஒருவராகத்தான் இருப்பார். நிரூபிக்கும் பொறுப்பு என்எம்சியுடையது. அளவுகோல் நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்பது, சந்தேகத்துக்கு இடமின்றி என்பது அல்ல. இதை முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்தால் விசாரணை நாட்களும் குறையும், உங்கள் ஒப்புதலுக்கு எடையும் கூடும். குற்றச்சாட்டு வாசகம் மாறாவிட்டால் உங்களுக்கு நான் சொல்வது இந்த வழியைத்தான்.

வாசகம் மாறியது, சிபிடிக்குப் போகலாம் என்ற நிலை வந்தால், ஆவணத்தை எப்படிப் படிப்பது? சம்பவ விவரம் பகுதியில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஆதாரப் பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். குற்றச்சாட்டில் இல்லாத விஷயங்கள் விவரத்தில் நுழைந்திருக்கும்: "இதற்கு முன்பும் மருந்து தவறுகள் இருந்ததாக மேனேஜர் குறிப்பிட்டார்" என்பது போல. விசாரிக்கப்படாத அந்த வரியில் நீங்கள் கையெழுத்திட்டால் அதுவும் ஒப்புக்கொள்ளப்பட்ட உண்மையாகிவிடும். அடுத்து என்எம்சியின் தொழில் நெறித் தொகுப்பான 'தி கோட்'. 2015இல் வந்து 2018இல் திருத்தப்பட்ட அதில் எந்தெந்தப் பிரிவுகளை மீறினீர்கள் என்று பட்டியல் வரும். பதிவேடுகளைத் துல்லியமாகவும் பொய்யின்றியும் எழுதுவது பற்றிய 10.3, நேர்மையோடு நடப்பது பற்றிய 20.2 ஆகியவை உங்கள் வழக்கில் எதிர்பார்க்கக்கூடியவை. நேர்மையின்மைக் குற்றச்சாட்டு போன பிறகும் பழைய வரைவிலிருந்த 20.2 பட்டியலில் ஒட்டிக்கொண்டிருந்தால் எடுக்கச் சொல்லுங்கள்.

பணித்தகுதிப் பகுதிதான் குழு அதிக நேரம் செலவிடும் இடம். கிரான்ட் என்ற மிட்வைஃப் தொடர்பான 2011 தீர்ப்பிலிருந்து நான்கு கேள்விகள் வரும்: நோயாளிகளைத் தேவையற்ற ஆபத்துக்கு உள்ளாக்கினாரா, தொழிலுக்கு அவப்பெயர் கொண்டுவந்தாரா, தொழிலின் அடிப்படை நெறியை மீறினாரா, நேர்மையற்று நடந்தாரா. நான்கிலும், இனியும் அப்படி நடக்க வாய்ப்பு உண்டா என்பதும் பார்க்கப்படும். கூடவே கோஹன் வழக்கின் 2008 தீர்ப்பு கேட்கும் மூன்று: சரிசெய்யக்கூடியதா, சரிசெய்யப்பட்டதா, திரும்ப நடக்க வாய்ப்பு மிகக் குறைவா. இவற்றின் விடையாக ஆவணம் இரண்டில் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒன்று, நோயாளிகளின் பாதுகாப்புக்கு இன்னும் ஆபத்து இருக்கிறது. மற்றது, ஆபத்து தீர்ந்துவிட்டது, ஆனால் பொதுமக்களுக்குத் தொழில்மீதுள்ள நம்பிக்கைக்காகத் தகுதி பாதிக்கப்பட்டதாகச் சொல்லியாக வேண்டும். சில வழக்குகளில் இரண்டும் இருக்கும்.

பல ஒப்பந்தங்கள் இங்கே தடுமாறுகின்றன. தண்டனை இந்த விடையோடு பொருந்த வேண்டும். நோயாளிகளுக்கு ஆபத்து இருக்கிறது என்று எழுதிவிட்டு, வேலையை எந்த வகையிலும் கட்டுப்படுத்தாத எச்சரிக்கை உத்தரவான காஷன் ஆர்டர் போதும் என்று எழுதினால் குழு ஏற்காது. ஆபத்தே இல்லை, பொதுநலன் மட்டும்தான் என்று எழுதிவிட்டு, மருந்து கொடுக்கும்போது மேற்பார்வை வேண்டும் என்று நிபந்தனை போட்டாலும் பொருந்தாது. இல்லாத ஆபத்துக்கு எதற்கு மேற்பார்வை? முக்கிய உத்தரவு நடைமுறைக்கு வரும்வரை போடப்படும் இடைக்கால உத்தரவுக்கும் இதே கணக்குத்தான். வரைவு பெரும்பாலும் பழைய வழக்கின் வார்த்தைகளை வைத்துத் தொடங்குவதால் இந்த முரண்பாடு எளிதில் நுழைந்துவிடும். உங்கள் கண்ணில் படாவிட்டாலும் குழுவின் கண்ணில் படும்.

தண்டனைகளின் அளவு தெரிந்திருக்க வேண்டும். காஷன் ஆர்டர் 1 முதல் 5 ஆண்டு. வேலைக்குத் தடை இல்லை, பதிவேட்டில் தெரியும். நிபந்தனை உத்தரவு அதிகபட்சம் 3 ஆண்டு. சஸ்பென்ஷன் அதிகபட்சம் 1 ஆண்டு. அதற்கு மேல் பதிவு நீக்கம். நீக்கப்பட்டவர் 5 ஆண்டுக்குப் பிறகே மீண்டும் சேர விண்ணப்பிக்க முடியும். நீக்கத்துக்குச் சம்மதித்தும் சிபிடி போடலாம், போடுகிறவர்களும் உண்டு. குழு கீழிருந்து மேலே ஒவ்வொன்றாகப் பார்க்கும் என்பதால், ஏன் கீழுள்ளது போதாது, ஏன் மேலுள்ளது மிகை என்று ஆவணமும் அதே வரிசையில் சொல்ல வேண்டும். நேர்மையின்மை ஏதேனும் ஒரு வடிவில் மிஞ்சியிருந்தால், அது எவ்வளவு கடுமையானது என்பதற்கு என்எம்சியின் வழிகாட்டுதல் சில அடையாளங்களைத் தருகிறது. தவறை மறைக்க வேண்டுமென்றே செய்தது, திட்டமிட்டது, நீண்ட நாள் தொடர்ந்தது, சொந்த லாபத்துக்குச் செய்தது ஆகியவை கடுமையான பக்கம். ஒரே ஒருமுறை, யோசிக்காமல் அந்தக் கணத்தில் நடந்தது, லாபம் இல்லாதது ஆகியவை மறுபக்கம். உங்கள் வழக்கில் எது பொருந்துகிறது என்று பெயர் சொல்லி ஆவணத்தில் எழுதப்பட வேண்டும். நோயாளியிடம் உண்மையை மறைத்தது என்ற கோணம் வருமா என்பதையும் முன்கூட்டியே எதிர்கொள்ளுங்கள்.

சஸ்பென்ஷன் என்றால் முடியும் முன் மறு ஆய்வு உண்டா இல்லையா என்பதும் எழுதப்பட வேண்டும். பொதுநலனுக்காக மட்டும் தரப்படும் சஸ்பென்ஷனில் மறு ஆய்வு தேவையில்லை என்று குழு சொல்ல முடியும். அது உங்களுக்குப் பெரிய வித்தியாசம்: காலம் முடிந்ததும் நேராக வேலைக்குத் திரும்புவதா, மீண்டும் ஒரு குழுவின் முன் போய் நிற்பதா என்பது இதில்தான் இருக்கிறது.

நிபந்தனைகள் என்றால் ஒவ்வொன்றையும் உங்கள் மேனேஜரிடம் காட்டி, "இதை இந்த வார்டில் நடத்த முடியுமா?" என்று எழுத்தில் வாங்குங்கள். நேரடி மேற்பார்வை என்றால் மருந்துச் சுற்று முழுக்க ஒருவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும். இரவு ஷிப்டில் இரண்டே பதிவுபெற்ற நர்ஸ்கள் இருக்கும் வார்டில் அது நடக்காது. நடக்காத நிபந்தனையில் கையெழுத்திடுவது சஸ்பென்ஷனுக்கு வேறு பெயர். அதே ஷிப்டில் வேறொரு பதிவுபெற்ற நர்ஸ் இருக்க வேண்டும் என்ற அளவிலான நிபந்தனை போதுமென்றால் அதை வாதிட்டுப் பெறுங்கள்.

குழு நிராகரிப்பதற்கு இன்னொரு பொதுவான காரணம் நர்ஸ் தரும் ரிஃப்ளெக்டிவ் ஸ்டேட்மென்ட், அதாவது நடந்ததைப் பற்றித் தன்னையே ஆராய்ந்து எழுதும் அறிக்கை. ஒப்பந்தத்தின் மூன்றாம் பக்கத்தில் "முழுப் பொறுப்பையும் ஏற்கிறேன்" என்று இருக்கும். இணைப்பில் உள்ள ஸ்டேட்மென்ட்டில் நான்கு பத்தி ஆள் பற்றாக்குறை பற்றியும் ஒரு பத்தி வருத்தம் பற்றியும் இருக்கும். ஆள் பற்றாக்குறை உண்மையாகவே இருந்திருக்கும், அதைச் சொல்லலாம், ஆனால் சூழலாகச் சொல்ல வேண்டும், காரணமாக அல்ல. ஒரு டோஸ் ஆன்டிபயாடிக் தவறினால் தொற்று உள்ள அந்த நோயாளிக்கு என்ன நேர்ந்திருக்கலாம், சார்ட்டை நம்பி அடுத்த ஷிப்ட் நர்ஸ் எப்படித் தவறான முடிவு எடுத்திருக்கலாம், அதே நெருக்கடி நாளை வந்தால் எந்த இடத்தில் வேறு மாதிரி செய்வீர்கள் என்பதை உங்கள் வார்த்தையில் எழுதுங்கள். கொஞ்சம் கரடுமுரடாக இருந்தாலும் சொந்த எழுத்து நல்லது. எங்கிருந்தோ எடுத்த அழகான வாசகங்களைக் குழு உறுப்பினர்கள் நிறையப் பார்த்திருப்பார்கள்.

அதோடு, சம்பவத்துக்குப் பிறகு மேற்பார்வையில் செய்த மருந்துச் சுற்றுகளின் மதிப்பீட்டுத் தாள், மருந்து மேலாண்மை மற்றும் பதிவேடு பற்றிய பயிற்சிச் சான்று, இப்போதைய மேனேஜரின் கடிதம் ஆகியவை வேண்டும். கடிதம் தருபவர் குற்றச்சாட்டுகள் என்னவென்று தமக்குத் தெரியும் என்று அதில் எழுதியிருக்க வேண்டும்; அந்த ஒரு வரி இல்லாத பாராட்டுக் கடிதத்துக்கு எடை இல்லை.

புகார் தந்தவரின் கருத்தும் ஆவணத்தில் ஒரு பகுதியாக வரும். உங்கள் வழக்கில் அது மருத்துவமனையோ நோயாளியின் குடும்பமோ ஆகலாம். அவர்கள் எதிர்த்தால் உடன்பாடு தானாக விழுந்துவிடாது, ஆனால் குழு அதைப் படிக்கும்.

குழு ஏற்றுவிட்டால் உத்தரவு உடனே நடைமுறைக்கு வராது. மேல்முறையீட்டுக்கு 28 நாள் உண்டு. அந்த இடைவெளியை மூட வேண்டும் என்று கருதினால் குழு தனியாக இடைக்கால உத்தரவு போடும். அதிகபட்சம் 18 மாதம், மேல்முறையீடு வராவிட்டால் முக்கிய உத்தரவு தொடங்கும்போது அது விலகிவிடும். நீங்களே சம்மதித்த முடிவை எதிர்த்து உயர் நீதிமன்றத்துக்குப் போவது பெயரளவில்தான் சாத்தியம். மறுபுறம், முடிவு மிக இலகுவானது, மக்களைப் பாதுகாக்கப் போதாது என்று கருதினால், என்எம்சி போன்ற அமைப்புகளை மேற்பார்வையிடும் ப்ரொஃபெஷனல் ஸ்டாண்டர்ட்ஸ் அத்தாரிட்டி 2002ஆம் ஆண்டுச் சட்டத்தின் 29ஆம் பிரிவின் கீழ் அதை நீதிமன்றத்துக்கு எடுத்துப் போக முடியும். ஒப்பந்தத்தில் முடிந்த வழக்குகளுக்கும் இது பொருந்தும். குற்றச்சாட்டைத் தேவைக்கு மேல் மென்மையாக்கினால் உங்களுக்கே அது நல்லதல்ல என்பதற்கு இதுவும் ஒரு காரணம். முடிவும் அதற்கான காரணங்களும் என்எம்சி இணையதளத்தில் வெளியாகும். உடல்நலம் போன்ற தனிப்பட்ட விஷயங்கள் பற்றிய பகுதிகள் மறைக்கப்படும். எனவே உங்கள் உடல்நலமோ குடும்ப நெருக்கடியோ ஆவணத்தில் வந்தால் அவற்றைத் தனி இணைப்பாக வைக்கச் சொல்லுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வந்த நர்ஸ் என்றால் மூன்று கணக்குகள் கூடுதல். ஸ்கில்ட் வொர்க்கர் விசாவில் இருப்பவருக்குச் சஸ்பென்ஷன் என்பது வேலை இழப்பில் முடியலாம். விசாவுக்குப் பொறுப்பேற்ற ஸ்பான்சர், அதாவது வேலை தருபவர், விலகினால் விசாக் காலம் பொதுவாக 60 நாளாகச் சுருக்கப்படும். ஆறு மாத சஸ்பென்ஷன் உள்ளூர் நர்ஸுக்கு ஆறு மாதம். உங்களுக்கு ஊர் திரும்பும் டிக்கெட்டாக மாறக்கூடும். குடியேற்ற ஆலோசகரிடம் தனியாகப் பேசாமல் தண்டனைப் பகுதியை முடிவு செய்யாதீர்கள். அடுத்தது, இந்தியாவிலோ வேறு நாட்டிலோ பதிவு செய்யப் போகும்போது என்எம்சியிடமிருந்து சரிபார்ப்புக் கேட்பார்கள். உத்தரவு அதில் தெரியும். மூன்றாவதாக, இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் பாதிக்கப்படக்கூடியவர்களோடு வேலை செய்யத் தடை விதிக்கப்பட்டவர்களின் பட்டியலை வைத்திருக்கும் அரசு அமைப்பான டிபிஎஸ் தன் பாட்டில் முடிவெடுக்கும். என்எம்சியிடம் நீங்கள் ஒப்புக்கொண்டது அங்கும் படிக்கப்படலாம்.

பிரதிநிதி இல்லாமல் இதில் இறங்காதீர்கள். ராயல் காலேஜ் ஆஃப் நர்சிங், யூனிசன், யுனைட் போன்ற சங்கங்களில் சம்பவம் நடந்த காலத்திலேயே உறுப்பினராக இருந்திருந்தால் சட்ட உதவி கேட்கலாம். இல்லாதவர்கள் தொழில் ஒழுங்கு வழக்குகள் நடத்தும் சொலிசிட்டரிடம் முழு வழக்கையும் ஒப்படைக்க முடியாவிட்டாலும், வரைவைப் படித்துக் கருத்துச் சொல்ல மட்டும் நிலையான கட்டணம் கேட்டுப் பார்க்கலாம்.

இப்போது கையில் இருக்கும் கடிதத்துக்குப் பதில் எழுதக் கெடு இருக்கும், அதைத் தவறவிடாதீர்கள். போனில் எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம். ஐந்து விஷயங்களை மட்டும் எழுதுங்கள்: முதல் மூன்று குற்றச்சாட்டுகளை ஏற்கிறேன், நான்காவதைத் தற்போதைய வாசகத்தில் ஏற்கவில்லை, நான்காவதை இரவுப் பதிவு, காலைப் பேச்சு என்று இரண்டாகப் பிரித்துத் தர வேண்டுகிறேன், பக்கத்துப் படுக்கை நோயாளியின் மருந்துச் சார்ட்டைப் பெயர் நீக்கியும், அன்றைய பணியாளர் பட்டியலையும் மருந்து இருப்புப் பதிவையும் கேட்கிறேன், இவை வந்த பிறகு உடன்பாடு பற்றி என் பிரதிநிதி மூலம் பேசத் தயாராக இருக்கிறேன். சஸ்பென்ஷன் எத்தனை மாதம் என்ற பேச்சை இந்தக் கடிதத்தில் எடுக்க வேண்டாம்.